செயற்கை இடுப்பில் உள்ள பிளாஸ்டிக் எத்தனை காலம் உழைக்கும்?

வாசகர் கேள்வி – எலும்பு அறுவை மருத்துவர் பதில்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை குறித்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே பொருளைப் பற்றியே கேட்கின்றன. இடுப்பெலும்பில் பொருத்தப்படும் உலோகக் கிண்ணத்துக்கும், தொடை எலும்புக்குள் செருகிய தண்டின் உச்சியில் இருக்கும் பந்துக்கும் இடையே அமைந்திருக்கும் பிளாஸ்டிக் உள்ளுறைதான் அது. அறுவை அரங்கில் இதை லைனர் என்றோ சுருக்கமாகப் பாலி என்றோ சொல்வோம். இந்த இதழில் அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

*கேள்வி: என் தாயாருக்கு 23 ஆண்டுகளுக்கு முன் இடுப்பு மூட்டு மாற்றினார்கள். இன்றுவரை அவருக்கு வலி இல்லை, கைத்தடியின்றி நடக்கிறார். அண்மையில் வேறு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்ரேயில் பந்து கிண்ணத்துக்குள் சுமார் 3 மில்லிமீட்டர் மேலேறியிருப்பதாகவும், சுற்றியுள்ள எலும்பில் வெற்றிடங்கள் தெரிவதாகவும் சொல்லி, மறு அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொல்கிறார் மருத்துவர். வலியே இல்லாதவருக்கு எதற்காக அறுவை?*

உங்கள் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் இந்த நோயின் கெடுதலே வலி இல்லாமல் வளர்வதுதான் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

பந்து மேலேறியிருக்கிறது என்றால், பந்துக்கு மேலே இருந்த பிளாஸ்டிக் அந்த அளவுக்குத் தேய்ந்து போயிருக்கிறது என்று பொருள். உலோகப் பந்தோடு உரசும் பழைய வகைப் பாலிஎத்திலீன் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தேயும் என்பது பல ஆண்டுக் கால அளவீடுகளில் தெரிந்த செய்தி. உங்கள் தாயாருக்கு ஆண்டுக்கு 0.13 மில்லிமீட்டர் என்று கணக்கு வருகிறது. ஆகவே அவருக்குப் பொருத்தியது அந்தப் பழைய வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 3 மில்லிமீட்டர் என்பது காதுக்குச் சிறிதாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் பந்தின் விட்டம் 28 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், தேய்ந்து வெளியேறிய பிளாஸ்டிக்கின் கன அளவு 1,800 கன மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. அதாவது கிட்டத்தட்ட 2 கன சென்டிமீட்டர். அது ஒரு துண்டாகப் பெயர்ந்து விழுந்திருந்தால் உடல் அதைச் சுற்றி நாரிழையால் ஓர் உறை கட்டி ஒதுக்கிவிட்டிருக்கும். நடந்தது வேறு. அந்தப் பிளாஸ்டிக் ஒவ்வோர் அடிக்கும் பல லட்சம் துகள்களாக உதிர்ந்திருக்கிறது; அத்துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான அளவுள்ளவை.

அந்த அளவுதான் கேடு விளைவிக்கிறது. கிருமிகளை விழுங்கி அழிப்பதற்காக உடலில் இருக்கும் பெருவிழுங்கிச் செல்களுக்கு, பாக்டீரியாவை ஒத்த அளவுள்ள இத்துகள்கள் விழுங்கத்தக்க இரையாகத் தோன்றுகின்றன. விழுங்குகின்றன, ஆனால் பாலிஎத்திலீனைச் செரிக்கும் நொதி எதுவும் அவற்றிடம் இல்லை. செரிக்க முடியாத பொருளை வைத்துக்கொண்டு அவை அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை இடைவிடாமல் சுரக்கின்றன. அந்தச் சமிக்ஞை எலும்பைக் கரைக்கும் செல்களை எழுப்பிவிடுகிறது. அதன் விளைவாகக் கிண்ணத்தின் பின்னாலும் தண்டின் ஓரங்களிலும் எலும்பு சிறிது சிறிதாகக் கரைந்து, அந்த இடத்தை மென்திசு நிரப்புகிறது. எக்ஸ்ரேயில் வெற்றிடமாகத் தெரிவது அதுதான். எலும்பு தேய்மானம் என்று பொதுவாகச் சொல்லப்படும் முதுமைக் குறைபாட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கால்சியம் மாத்திரையால் இது நிற்காது. இந்த எலும்புக் கரைவை ஒரு காலத்தில், மூட்டை எலும்போடு ஒட்டப் பயன்படும் எலும்புச் சிமெண்டின் மேல் ஏற்றி, சிமெண்ட் நோய் என்றே பெயர் வைத்திருந்தார்கள். சிமெண்ட் இல்லாத மூட்டுகளிலும் அதே வெற்றிடங்கள் தோன்றியபோதுதான் உண்மையான காரணத்தில் பிளாஸ்டிக் துகள்களுக்கு உள்ள பெரும்பங்கு தெளிவாகியது.

இவ்வளவு நடந்தும் வலி இல்லாததன் காரணம் எளிது. உலோகக் கிண்ணம் மிச்சமிருக்கும் எலும்பை இன்னும் உறுதியாகப் பற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடி விடும் நாளில்தான் வலி வரும். சிலருக்கு அதற்கும் முன்பே எலும்பு முறிவு வந்துவிடுகிறது. அந்த நிலையில் கிண்ணத்தை மீண்டும் பொருத்துவதற்குப் போதிய எலும்பு இருக்காது. இன்றைய நிலையிலோ, கிண்ணமும் தண்டும் அசையாமல் இருப்பது உறுதியானால், உள்ளுறையையும் பந்தையும் மட்டும் மாற்றி, வெற்றிடங்களில் எலும்புத்தூள் வைத்து நிரப்பி முடித்துவிடலாம். உள்ளுறை கிண்ணத்தில் பூட்டிக்கொள்ளும் அமைப்பு சிதைந்திருந்தாலும், புதிய உள்ளுறையைச் சிமெண்ட் கொண்டு பழைய கிண்ணத்துக்குள் ஒட்டும் வழி இருக்கிறது. இத்தகைய சிறிய மறு அறுவைக்குப் பின் பந்து நழுவும் ஆபத்து சற்றுக் கூடுதல் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேட்பேன். தட்டையான எக்ஸ்ரேயில் உலோகக் கிண்ணம் மறைத்துவிடுவதால், வெற்றிடங்கள் உண்மையில் இருப்பதைவிடச் சிறியனவாகவே தெரியும். பழைய எக்ஸ்ரே படங்கள் வீட்டில் இருந்தால் ஒன்றையும் விடாமல் எடுத்துச் செல்லுங்கள். தேய்வின் வேகம் அண்மையில் கூடியிருக்கிறதா என்பதை அவற்றிலிருந்துதான் அறிய முடியும். வெற்றிடங்கள் வளர்கின்றன என்பது உறுதியானால், உங்கள் மருத்துவர் சொல்வதையே நானும் சொல்வேன்.

*கேள்வி: மற்ற பாகங்கள் எல்லாம் உலோகமாக இருக்க, தேயக்கூடிய பிளாஸ்டிக்கை ஏன் நடுவில் வைத்தார்கள்?*

கிண்ணமும் பந்தும் இரண்டும் உலோகமாக இருந்த மூட்டுகள் பிளாஸ்டிக்குக்கு முன்பும் இருந்தன, பின்பும் வந்தன. அவற்றில் உராய்வு ஒரு சிக்கல். உதிரும் உலோகத் துகளும் அயனியும் சுற்றுத் திசுக்களைக் கெடுப்பது அதைவிடப் பெரிய சிக்கல். மென்மையான பரப்பின்மேல் கடினமான, பளபளப்பான பந்து வழுக்கிச் செல்வதே நல்லது என்ற முடிவுக்கு வந்தவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணிபுரிந்த ஜான் சார்ன்லி.

அவர் முதலில் தேர்ந்தெடுத்தது டெஃப்ளான். இதைவிட வழுக்கலான பிளாஸ்டிக் கிடைப்பது அரிது என்பதால், அந்தத் தேர்வில் தவறு இருப்பதாக அன்று எவருக்கும் தோன்றியிருக்காது. 1950-களின் இறுதியில் தொடங்கி ஏறத்தாழ 300 பேருக்கு அதைப் பொருத்தினார். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பந்து டெஃப்ளானைக் குடைந்துகொண்டு பல மில்லிமீட்டர் உள்ளே சென்றது. உதிர்ந்த துகள்கள் மூட்டைச் சுற்றிக் கடுமையான எதிர்வினையைக் கிளப்பின. வழுக்குவது வேறு, தேயாமல் தாங்குவது வேறு என்ற பாடத்தை அந்த நோயாளிகள் தங்கள் உடலால் கற்றுக் கொடுத்தார்கள்.

1962-இல், நெசவு இயந்திரங்களின் பல்சக்கரங்களுக்குப் பயன்பட்டுவந்த மிகை மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீனின் ஒரு துண்டு அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. சார்ன்லி அதை நகத்தால் கீறிப் பார்த்து வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவன், சார்ன்லி வெளியூர் சென்றிருந்த நாள்களில் அதைத் தேய்வுச் சோதனை இயந்திரத்தில் பொருத்தி ஓடவிட்டார். மூன்று வாரம் இடைவிடாமல் ஓடிய பின்னும் அது, டெஃப்ளான் ஒரே நாளில் தேயும் அளவுகூடத் தேயவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சார்ன்லி இரண்டு பொருள்களின் மாதிரிகளையும் தம் தொடைக்குள்ளேயே வைத்துப் பார்த்தார். டெஃப்ளான் வைத்த இடத்தில் கட்டி தோன்றியது, பாலிஎத்திலீன் வைத்த இடம் அமைதியாக இருந்தது. இன்றுவரை நாங்கள் பயன்படுத்துவது அந்தப் பாலிஎத்திலீனின் வழித்தோன்றல்களைத்தான். அதன் மூலக்கூறுகள் மிக நீண்ட சங்கிலிகள். மூலக்கூறு எடை 20 லட்சத்திலிருந்து 60 லட்சம் வரை இருக்கும். ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் அந்த நீளமே அதன் வலிமை.

*கேள்வி: எனக்கு வயது 48. இடுப்பு மூட்டு மாற்ற வேண்டிய நிலை. பிளாஸ்டிக் 15 ஆண்டுதான் உழைக்கும் என்கிறார் ஒருவர். இப்போதைய பிளாஸ்டிக் ஆயுள் முழுவதும் வரும் என்கிறார் மற்றொருவர். யாரை நம்புவது?*

15 ஆண்டு என்பவர் பழைய பிளாஸ்டிக்கின் அனுபவத்தைச் சொல்கிறார். ஆயுள் முழுவதும் என்பவர் கையில் இருக்கும் சான்றைவிடச் சற்று முன்னே ஓடுகிறார். இருவருக்கும் இடையில் எங்கே நிற்பது என்பதை அறிய, பழையது ஏன் கெட்டது என்று தெரிந்துகொள்வது உதவும்.

நுண்ணுயிர் நீக்குவதற்காக இந்த உள்ளுறைகளைக் காமா கதிருக்கு உட்படுத்துவது நெடுங்கால வழக்கம்; அதற்கு 25 முதல் 40 கிலோகிரே (கதிர் அளவின் அலகு) வரை போதும். அந்தக் கதிர் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஆங்காங்கே வெட்டுகிறது. வெட்டுப்பட்ட முனைகளை ஃப்ரீ ராடிக்கல் என்கிறோம். அருகில் ஆக்சிஜன் இருந்தால் அவை அதனோடு சேர்ந்து, சங்கிலிகள் மேலும் மேலும் துண்டாகி, பிளாஸ்டிக் உள்ளுக்குள் மொறுமொறுப்பாகிவிடும். 1990-களின் நடுப்பகுதிவரை பெரும்பாலான உள்ளுறைகள் காற்றடங்கிய உறைகளில்தான் அடைக்கப்பட்டன. ஆகவே அலமாரியில் பல ஆண்டு காத்திருந்த உள்ளுறை, நோயாளியின் உடலுக்குள் நுழையும்போதே முதுமையடைந்திருந்தது. மறு அறுவையில் கழற்றி எடுத்த பழைய உள்ளுறைகளைக் குறுக்கே வெட்டிப் பார்த்திருக்கிறேன். மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே சுண்ணாம்பு பூசினாற்போல ஒரு வெள்ளைப் பட்டை ஓடும். ஆக்சிஜனேற்றத்தால் கெட்டுப்போன அடுக்கு அது. பின்னர் வெற்றிடத்திலோ நைட்ரஜன் போன்ற மந்த வாயுவிலோ அடைத்துக் கதிர் பாய்ச்சத் தொடங்கினார்கள். சிலர் கதிரையே விட்டுவிட்டு வாயுக்களால் நுண்ணுயிர் நீக்கினார்கள். இது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். ஆக்சிஜனைத் தடுக்க வேண்டிய ஓர் அடுக்கு உறையில் விடுபட்டுப்போனதைக் கண்டு, ஒரு தயாரிப்பு நிறுவனம் தன் உள்ளுறைகளைத் திரும்பப் பெறத் தொடங்கியது 2021-இல்தான்.

அடுத்த மாற்றம்தான் பெரியது. நடக்கும்போது பந்து கிண்ணத்துக்குள் நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் மட்டும் போய்வருவதில்லை. பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் வளைந்து குறுக்கிடும் பாதையில் உரசப்படுகிறது. முதன்மையாக உரசப்படும் திசையிலேயே மூலக்கூறுச் சங்கிலிகள் படிந்து வரிசையாகின்றன. அத்திசையில் வலுப்பெறும் பிளாஸ்டிக், குறுக்குத் திசையில் உரசும்போது, நீளவாட்டில் பிளக்கும் மூங்கிலைப்போல எளிதில் கிழிகிறது. நேர்க்கோட்டில் மட்டும் தேய்த்துப் பார்த்த தொடக்கக் காலச் சோதனைகள் பிளாஸ்டிக்கை உள்ளதைவிட உறுதியானதாகக் காட்டியதற்கும் இதுவே காரணம். சங்கிலிகளைக் குறுக்கே ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால் இப்படிக் கிழியாது. 50 முதல் 100 கிலோகிரே வரை கதிர் பாய்ச்சினால் இந்தக் குறுக்குப் பிணைப்பு உண்டாகிறது. எஞ்சியிருக்கும் ஃப்ரீ ராடிக்கல்களை அணைக்க, சிலர் உருகுநிலைக்கு மேல் சூடாக்குகிறார்கள். அதில் ராடிக்கல் அநேகமாக முற்றிலும் போய்விடும், ஆனால் படிகத்தன்மை குறைந்து வலிமை சற்றுக் குன்றும். சிலர் உருகுநிலைக்குக் கீழேயே நிறுத்துகிறார்கள். அதில் வலிமை நிற்கும், ராடிக்கல் கொஞ்சம் மிஞ்சும். 2000-க்குப் பிந்தைய பத்தாண்டில் வந்த மூன்றாவது வழி, வைட்டமின் ஈ-யைப் பிளாஸ்டிக்கிலேயே கலந்து ராடிக்கலை அடக்குவது.

இத்தகைய உயர் குறுக்குப்பிணைப்புப் பாலிஎத்திலீன் 1990-களின் இறுதியில் பரவலான பயன்பாட்டுக்கு வந்தது. இதன் தேய்வு பெரும்பாலும் ஆண்டுக்கு 0.05 மில்லிமீட்டருக்குக் கீழேயே இருக்கிறது. அந்த அளவுக்குக் கீழே எலும்புக் கரைவு அரிதாகவே காணப்படுகிறது. ஆஸ்திரேலிய தேசிய மூட்டு மாற்றுப் பதிவேட்டின் தரவுகளைக் கொண்டு 2018-இல் வெளியான ஆய்வில், 16 ஆண்டுகளுக்குள் மறு அறுவை செய்துகொள்ள நேர்ந்தவர்கள் பழைய பிளாஸ்டிக்கில் 11.7 விழுக்காடு, புதியதில் 6.2 விழுக்காடு. இதனோடு 2019-இல் லான்செட் இதழில் வந்த மற்றோர் ஆய்வையும் வைத்துப் பாருங்கள்: செயற்கை இடுப்பு மூட்டுகளில் 15 ஆண்டு தாண்டியவை சுமார் 89 விழுக்காடு, 20 ஆண்டு தாண்டியவை 70 விழுக்காடு, 25 ஆண்டு தாண்டியவை 58 விழுக்காடு. 25 ஆண்டுக் கணக்கில் வருபவை பெரும்பாலும் பழைய பொருள்களால் ஆன மூட்டுகள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஆகவே 48 வயதில் அறுவை செய்துகொள்ளும் உங்களிடம் நான் சொல்லக்கூடியது இது: தேய்வு ஒன்றையே காரணமாகக் கொண்டு 15 ஆண்டில் உங்கள் மூட்டு கெடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் புதிய பிளாஸ்டிக்கின் மனித அனுபவமே 25 ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்டதுதான். உங்களுக்கோ அது 40 ஆண்டுகூடத் தேவைப்படலாம். தொற்று, பந்து நழுவுதல், தண்டு தளர்தல், எலும்பு முறிவு ஆகிய காரணங்களாலும் மறு அறுவை நேரலாம். அவற்றுக்கும் பிளாஸ்டிக்கின் ஆயுளுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை.

*கேள்வி: பந்து பெரிதாக இருந்தால் நழுவாது என்கிறார்கள். பெரிய பந்தையே கேட்டு வாங்கலாமா?*

பெரிய பந்து நழுவுவது குறைவு என்பது உண்மை. ஆனால் கிண்ணத்தின் வெளி அளவை உங்கள் எலும்பு முடிவு செய்துவிடுகிறது. 50 மில்லிமீட்டர் கிண்ணத்தில் உலோகம் இரு பக்கமும் சேர்ந்து 8 மில்லிமீட்டர் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், 28 மில்லிமீட்டர் பந்துக்குச் சுற்றிலும் 7 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கிடைக்கும். 36 மில்லிமீட்டர் பந்துக்கு 3 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். குறுக்குப் பிணைப்பு தேய்வைக் குறைப்பதற்கு ஈடாகப் பிளாஸ்டிக்கின் விரிசல் தாங்கும் திறனையும் சற்றுக் குறைக்கிறது. மெல்லிய உள்ளுறையும் செங்குத்தாகச் சாய்ந்த கிண்ணமும் சேரும் இடத்தில் விளிம்பு உடைந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. அத்துடன், ஒரே ஆழத்துக்குத் தேய்ந்தாலும் 36 மில்லிமீட்டர் பந்து உதிர்க்கும் துகளின் கன அளவு 28 மில்லிமீட்டர் பந்து உதிர்ப்பதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். எலும்பு இடம் கொடுத்தால் 32 அல்லது 36 நல்ல தேர்வு. அந்த முடிவை அறுவை மேசையில் கிண்ணத்தின் அளவைப் பார்த்த பிறகு மருத்துவர் எடுப்பதே சரி.

*கேள்வி: தேயும் என்று தெரிந்தபின் நடப்பதற்கே பயமாக இருக்கிறது. நடையைக் குறைத்துக்கொள்ளட்டுமா?*

வேண்டாம். தேய்வு ஆண்டுகளின் கணக்கல்ல, அடிகளின் கணக்கு என்பது உண்மைதான். நாளொன்றுக்கு 5,000 அடி நடப்பவரின் ஒரு மூட்டு ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் முறை சுமை ஏற்கிறது. 10,000 அடி நடப்பவருக்கு 18 லட்சம். ஒரே நாளில் ஒரே வகை மூட்டு பொருத்தப்பட்ட இருவருக்குத் தேய்வு வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனாலும் இன்றைய பிளாஸ்டிக்கில் இரட்டிப்பு நடை சேர்க்கும் தேய்வு மிகச் சிறியது. நடக்காமல் இருப்பதால் இதயமும் தசையும் எலும்பும் இழப்பதோ மிகப் பெரியது. உடல் எடையைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நடப்பது, நீந்துவது, மிதிவண்டி ஓட்டுவது எதுவும் தடையில்லை. தண்டின் கழுத்து உள்ளுறையின் விளிம்பில் இடிக்கும் அளவுக்கு இடுப்பை மடக்கித் திருகும் நிலைகளை மட்டும் தவிர்க்க வேண்டும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் இடிபடும் விளிம்புதான் விரிசல் விடுகிறது.

*கேள்வி: பிளாஸ்டிக்கில் வைட்டமின் ஈ கலக்கிறார்கள் என்றால், நான் வைட்டமின் ஈ மாத்திரை சாப்பிட்டால் என் பழைய மூட்டுக்கு நல்லதா?*

பயனில்லை. தொழிற்சாலையில் அது பிளாஸ்டிக்கின் உட்பகுதிவரை ஊடுருவும்படி கலக்கப்படுகிறது. மாத்திரையாக விழுங்குவது அங்கே அந்த அளவில் போய்ச் சேராது.

*கேள்வி: மூட்டிலிருந்து உதிரும் பிளாஸ்டிக் துகள்கள் உடலில் எங்கே போகின்றன? புற்றுநோய் வருமா?*

பெரும்பகுதி மூட்டைச் சுற்றியுள்ள திசுக்களிலேயே தங்குகிறது. ஒரு சிறு பங்கு நிணநீர்க் கணுக்களுக்கும், அங்கிருந்து கல்லீரல், மண்ணீரலுக்கும் செல்வது பிரேதப் பரிசோதனைகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. செயற்கை இடுப்பு பொருத்தியவர்களை நெடுங்காலம் தொடர்ந்த பெரிய ஆய்வுகளில், மொத்தப் புற்றுநோய் எண்ணிக்கை பொதுமக்களைவிடக் கூடியதாகத் தெரியவில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டியது துகளால் கரையும் எலும்பைப் பற்றித்தான்.

*கேள்வி: அறுவை முடிந்து ஓராண்டு ஆகிறது. எக்ஸ்ரேயில் பந்து 0.2 மில்லிமீட்டர் மேலேறியிருப்பதாகச் சொன்னார்கள். இப்போதே இப்படி என்றால் பத்தாண்டில் 2 மில்லிமீட்டர் ஆகிவிடாதா?*

ஆகாது. புதிய பிளாஸ்டிக் முதல் ஓரிரு ஆண்டுகளில் சுமையின் கீழ் அமுங்கிப் பந்துக்கு ஏற்பப் படிந்துகொள்கிறது. புது மெத்தை சில நாளில் உடலுக்கேற்பக் குழிவதைப் போன்றது இது. இதில் துகள் எதுவும் உதிர்வதில்லை. அதன் பிறகு தெரியும் நகர்வே உண்மையான தேய்வு. அதனால்தான் முதலாண்டு எடுத்த படம் மிகவும் மதிப்புள்ளது. பின்னால் எடுக்கும் படங்கள் எல்லாவற்றையும் அதனோடு ஒப்பிட்டுத்தான் அளப்போம். பத்தாண்டுக்குப் பின் வலி இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்க்குமாறு என்னிடம் வருபவர்களிடம் சொல்கிறேன்.

கூடவே, உங்கள் அறுவைக் குறிப்பில் ஒட்டப்பட்டிருக்கும் சிறு சீட்டுகளின் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். கிண்ணம், உள்ளுறை, பந்து, தண்டு ஒவ்வொன்றின் தயாரிப்பாளர், மாதிரி, அளவு, தொகுதி எண் ஆகியவை அவற்றில் அச்சிடப்பட்டிருக்கும். இருபது ஆண்டுக்குப் பின் உள்ளுறையை மட்டும் மாற்ற வேண்டி வந்தால், பழைய கிண்ணத்தில் சரியாகப் பூட்டக்கூடிய உள்ளுறை எது என்பதை மருத்துவர் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் வரவழைக்க முடியும்.